உழுதவர் கணக்கு

என் அப்பா நெல் விளைவித்தார், மீன் பிடித்தார். எண்பத்திரண்டு வயது வரை இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் வேலை என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கோரையாறு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை நோக்கி இறங்கும் கடைமடையில், ஒரு வேலிக்குச் சற்றுக் குறைவான நிலம் எங்களுடையது. வேலி என்றால் இருபது மா, ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் மடைக்குத் தண்ணீர் வந்துசேர வாரக்கணக்காகும். திறக்காத வருஷமும் உண்டு. புதுத்தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வாய்க்காலில் வரும்போது, தோளில் மண்வெட்டியோடு அப்பா அதற்கு முன்னால் நடந்து வருவார். வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது இரண்டு சமயங்களில்தான்: சாப்பிடும்போது, தூண்டிலுக்கு நரம்பு முடியும்போது.

நாற்றங்காலில் முளை கிளம்புவதைப் பார்த்தே விதை எந்தக் களத்தில் காய்ந்தது என்று சொல்லிவிடுவார் என்பார்கள் ஊரில். அது எவ்வளவு உண்மையோ தெரியாது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவர் கண் பொய்த்து நான் பார்த்ததில்லை. கலங்கல் எழும் விதத்தை வைத்து இங்கே கெளுத்தி கிடக்கிறது, அங்கே குறவை என்பார். சொன்ன இடத்தில் அது இருக்கும். ஊத்தா, வீச்சு வலை, தூண்டில் மூன்றும் பழக்கம். சின்ன வயதில் கண்ணி வைத்து மடையானும் உள்ளானும் பிடித்திருக்கிறார். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்ததற்குச் சில வருஷங்களுக்குப் பிறகு அந்தப் பழக்கம் நின்றது. மீன் மட்டும் கடைசி வரை நிற்கவில்லை.

போன கார்த்திகையில் இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த பெரியப்பா முறையாகும் ஒருவர் அண்ணனைத் தனியே அழைத்துப் பேசினார். நல்ல மனிதர். சுத்த சைவம், தினமும் தேவாரம் ஓதுகிறவர். "தம்பி, ஒங்கப்பா நெறைய உயிர் எடுத்திருக்காரு. ராமேஸ்வரம் போயி ஒரு தில ஓமம் பண்ணிட்டு வந்துடுங்க. அவருக்கும் நல்லது, புள்ளைங்களுக்கும் நல்லது" என்றார். பக்கத்தில் பந்தி இலை அடுக்கிக்கொண்டிருந்த எனக்கும் அது காதில் விழுந்தது. பழித்துச் சொன்ன சொல் இல்லை அது. செத்தவர் நல்லகதி அடையவேண்டும் என்ற கவலையில்தான் சொன்னார். அதனாலேயே அந்தச் சொல் என்னை விடவில்லை. அண்ணன் தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தார். நான் தடுக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு கணக்கு எங்காவது எழுதப்படுகிறது என்றால், அப்பாவின் பக்கத்தில் என்னதான் எழுதியிருக்கும் என்று பார்த்தே தீரவேண்டும் என்று எனக்கு ஆகிவிட்டது. பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் நான். எனக்குத் தெரிந்த வழி நூல்களைப் புரட்டுவது.

முதலில் எனக்கு எழுந்த கேள்வி, மீன் மட்டும்தான் கணக்கா என்பது. ஏர் இறங்குகிற இடத்தில் எத்தனை உயிர் போகிறது என்பது உழுதவருக்குத் தெரியும். உழவு மாட்டுக்குப் பின்னால் கொக்குகள் வரிசையாக வருவதைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அவை வருவது புரண்ட மண்ணில் துடிக்கிற மண்புழுவுக்கும் பிள்ளைப்பூச்சிக்கும். பரம்படிக்கும்போது நண்டு வளையோடு நசுங்கும். நாற்றுவிட்ட வயலில் நத்தை பொறுக்கிக் கரையில் கொட்டுவோம், வெயிலில் அது வெந்து சாகும். உயிர் எடுக்காமல் ஒரு மரக்கால் நெல்லும் வீட்டுக்கு வந்ததில்லை.

இதைப் பழைய நூல்கள் மறைக்கவில்லை. உழவு நல்ல தொழில் என்று சிலர் நினைத்தாலும் இரும்பு முகம் வைத்த கலப்பை பூமியையும் அதிலுள்ள உயிர்களையும் காயப்படுத்துவதால் சான்றோர் அதை இகழ்கிறார்கள் என்ற கருத்து மனுவின் பத்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அசுவகோஷரின் புத்தசரிதத்தில், உழுத மண்ணில் வெட்டுண்டு கிடக்கும் புழு பூச்சிகளைப் பார்த்துத் துக்கம் தாளாமல்தான் இளவரசர் சித்தார்த்தர் நாவல் மரத்தடியில் போய் அமர்கிறார். பின்னாளில் அவருடைய சங்கத்தில், பிக்கு மண்ணைத் தோண்டக் கூடாது என்றே ஒரு விதி உண்டு. மழைக்காலத்தில் துறவிகள் ஊர் ஊராக நடந்து பச்சைப் பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்கள் என்று ஜனங்கள் குறைப்பட்டதால் வந்தது மழைக்கால உறைவிடம்.

சுத்த நிபாதத்தில் ஒரு காட்சி. மகத நாட்டில் ஐந்நூறு ஏர் பூட்டி விதைப்பு நடத்தும் பாரத்துவாசர் என்ற பிராமண உழவரிடம் புத்தர் பிச்சைக்கு வந்து நிற்கிறார். நான் உழுது விதைத்துச் சாப்பிடுகிறேன், நீங்களும் உழுது விதைத்துச் சாப்பிடுங்கள் என்கிறார் உழவர். நானும் உழுகிறவன்தான், நம்பிக்கை என் விதை என்று தொடங்கிப் பதில் சொல்கிறார் புத்தர். முடிவில் உழவர் துறவியாகிவிடுகிறார். உலகம் போற்றும் உரையாடல் இது, நானும் மதிக்கிறேன். ஆனாலும் ஓர் உழவனின் மகளாக எனக்கு அதில் ஒரு குறை தீரவேயில்லை. அந்த ஐந்நூறு ஏரும் மறுநாள் என்ன ஆயின? துறவியான பாரத்துவாசரின் திருவோட்டில் விழுந்த சோற்றை எந்த வயலில் யார் உழுது விளைவித்தார்? பிக்கு தோண்டாமல் இருக்க வேறு ஒருவர் தோண்டித்தானே ஆகவேண்டும்?

சமணர்கள் இதை இன்னும் நெருங்கி நின்று பார்த்தவர்கள். இல்லறத்துச் சமணர் பலர் உழவைத் தவிர்த்து வணிகத்துக்குப் போனதற்கு உயிர்க்கொலை அச்சமும் ஒரு காரணம். ஆனால் அதே சமண மரபுதான், மனிதருக்கு உழவைக் கற்றுக்கொடுத்தவர் முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதர் என்றும் சொல்கிறது. வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக நிலம் உழுகிறவர்கள். பொழுது சாய்ந்தபின் உண்ணாத நோன்பையும் ஏரையும் ஒரே கையில் பிடித்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு. கேள்வியை வேறு யார் தலையிலும் இறக்கிவைக்காமல் அதோடேயே வாழ்கிறவர்கள் அவர்கள்.

வள்ளுவர் கொல்லாமையைத் துறவறவியலில் வைத்தார், உழவைப் பொருட்பாலில் வைத்தார். இல்லறத்தாருக்கு இதிலே ஒரு விலக்கு இருக்கிறதென்று உரைகளின் துணையோடு சொல்லிவிடலாம். வகுப்பில் நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதிகாரம் வேறு இடத்தில் இருக்கிறது என்பதால் செத்த மீன் சாகவில்லை என்று ஆகாது. அப்பாவுக்காக நான் தேடியது விலக்கு இல்லை.

என்னை நிறுத்தி வைத்தது பெரியபுராணம். சேக்கிழார் வணங்கி எழுதிய அறுபத்துமூவரில் கண்ணப்பர் வேடர், அதிபத்தர் மீனவர், இளையான்குடி மாறனார் உழவர். மூவரும் என் அப்பாவின் தொழில்காரர்கள். அதிபத்தரின் குருபூசை ஆவணி ஆயில்யம், மாறனாரின் குருபூசை ஆவணி மகம், அடுத்தடுத்த நட்சத்திரம். நாகப்பட்டினம் எங்களுக்குப் பக்கம் என்பதால் அதிபத்தர் கதை எங்கள் வீட்டில் அப்பாவின் அம்மா சொல்லியே கேட்டது. நுளையர் தலைவர் அவர். அன்றன்று படுகிற மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். பிறகு ஒரு மீனுக்கு மேல் வலையில் படாத காலம் வருகிறது. அந்த ஒன்றையும் விட்டுவிட்டுப் பட்டினி கிடக்கிறார். கடைசியில் பொன்னும் மணியுமாக ஒரு மீன் படுகிறது, அதையும் விடுகிறார்.

பொன்மீனைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு அதற்கு முந்தைய நாட்கள்தான் பெரிதாகப் படுகின்றன. நிறையப் பட்ட நாளில் ஒன்றை விடுவது யாருக்கும் ஆகும். ஒன்றே பட்ட நாளில், வீட்டில் உலை வைக்க வழியில்லாத நாளில், அதை விட்டவர் அவர். அடுத்த நாள் மீண்டும் வலையைத் தூக்கிக்கொண்டு அதே கடலுக்குப் போனார் என்பதும் கதையில் இருக்கிறது. மீன் பிடிப்பதை அவர் விட்டுவிடவில்லை, விடச் சொல்லி இறைவனும் கேட்கவில்லை. மாறனாரும் அப்படியே. மழை இரவில் வந்த அடியாருக்குச் சோறிட வீட்டில் அரிசி இல்லை. பகலில் விதைத்த நெல்லை இருட்டில் வயலுக்குப் போய் வாரிக்கொண்டு வந்தார். விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது என்பது உழவனுக்கு என்னவென்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியும். காளத்தியில் கண்ணப்பர் வைத்த இறைச்சியைக் கண்டு பதைத்த சிவகோசரியாருக்கு இறைவன் கனவில் வந்து சொல்லவேண்டியிருந்தது. பெரியப்பா தினமும் ஓதுகிற சைவத்துக்குள்ளேயே இந்தப் பதிலும் இருக்கிறது.

அப்பா நாயன்மார் இல்லை. கோயிலுக்கு அதிகம் போகிறவரும் இல்லை. திருத்துறைப்பூண்டி பிறவி மருந்தீசர் கோயிலுக்கு அம்மாதான் போவாள். அப்பா முதல் கதிரை அய்யனாருக்கு வைப்பார், சித்திரையில் நல்லேர் பூட்டும்போது கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போடுவார், அவ்வளவுதான். ஆனால் தண்ணீரில் அவருக்கு விதிகள் இருந்தன. புதுத்தண்ணீரில் எதிர்த்து ஏறிவரும் மீன் சினை மீன். அந்தச் சில நாட்கள் ஊத்தாவைத் தொடமாட்டார். அப்போது வாய்க்காலில் கையாலேயே பிடிக்கலாம், ஊரே பிடிக்கும். எங்கள் வீட்டில் மட்டும் அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு.

விரால் விஷயத்தில் இன்னும் கடுமை. விரால் குஞ்சு பொரித்தால் தாயும் தகப்பனுமாகக் காவல் காக்கும். செம்மஞ்சளாய்ப் பொடிக் குஞ்சுகள் தண்ணீரின் மேல்மட்டத்துக்குக் கூட்டமாக வந்து வந்து மூச்செடுக்கும். அந்த இடத்தில் தண்ணீர் மழைத்தூறல் விழுவது போலச் சிலிர்க்கும். அதன் அடியில் பெரிய மீன் நிற்கிறது என்று அர்த்தம். தூண்டிலில் தவளைக்குஞ்சைக் குத்தி அந்தச் சிலிர்ப்பின் நடுவே போட்டால், குஞ்சைத் தின்ன எதுவோ வந்துவிட்டதென்று பாய்ந்து கவ்வும். இவ்வளவு எளிதாக விரால் வேறு எப்போதும் கிடைக்காது. எனக்குப் பத்துப் பதினோரு வயதிருக்கும். கோரையாற்றுப் படுகையில் அப்படி ஒரு பார்ப்பைக் காட்டி, "போடுங்கப்பா" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். நரம்பைச் சுற்றிக் குச்சியில் கட்டிவிட்டு, "அது இப்ப பசிக்குக் கவ்வாது ஆயி. புள்ளைக்காகக் கவ்வும். அதப் புடிக்கக் கூடாது" என்றார். வேறொரு மடுவுக்குப் போய் இருட்டும்வரை இருந்தோம். இரண்டு குறவைதான் கிடைத்தது.

வயலிலும் அதே ஆள்தான். ஒரு கோடை உழவின்போது ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே கத்திக் கத்திச் சுற்றியது. அப்பா மாட்டை நிறுத்திவிட்டுக் குனிந்து நடந்து தேடினார். கட்டாந்தரையில் சின்னக் குழிவில் நாலு முட்டை. மண் நிறம், மேலே கரும்புள்ளி, கூர்முனைகள் நாலும் உள்பக்கம் பார்த்தபடி. கிட்டப் போனாலும் கண்ணுக்குப் படாது. நான்கு பக்கமும் நொச்சிக் குச்சி நட்டுவிட்டு, ஒரு கட்டில் அளவு இடத்தை விட்டுச் சுற்றி உழுதார். குஞ்சுகள் ஓடிப்போனபின் அந்த இடத்தை மண்வெட்டியால் கொத்திக்கொண்டார். அதே வருஷம் அதே வயலில் எலிக்குக் கிட்டி வைக்க ஆள் கூப்பிட்டு, எலிக்கு இவ்வளவு என்று கூலி பேசியவரும் அவர்தான். விடியலில் மூங்கில் கிட்டிகளில் எலிகள் கழுத்து இறுகிக் கிடக்கும். அதைப் பற்றி அவருக்கு எந்த உறுத்தலும் இருந்ததில்லை. "அது பங்கு கேக்கலயே, முழுசும்ல கேக்குது" என்பார். கிட்டி வைக்கிறவர் எலிவளையைத் தோண்டி எடுக்கும் நெல்லை மட்டும் அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். எலிக்கும் ஆள்காட்டிக்கும் ஒரே நீதி இல்லையே என்று கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. பசியும் பயிரும் உள்ள இடத்தில் நீதி அப்படித்தான் மேடுபள்ளமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அவரை உறுத்தியது ஒன்று உண்டு. அதைப் பெரியப்பா சொல்லவில்லை, அவர் அறிந்திருக்கவும் மாட்டார்.

ஐ.ஆர்.8 வந்த காலத்தில் யூரியாவும் வந்தது, பின்னாலேயே பூச்சி வந்தது, அதற்கு மருந்து வந்தது. என்ட்ரின், ஃபாலிடால். அப்பா முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு அடித்தார், ஊரே அடித்தது. அடித்த மறுநாள் காலை அவரோடு வரப்பில் நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. வயல் தண்ணீரில் கெண்டையும் உளுவையும் அயிரையும் வெள்ளை வயிற்றை மேலே காட்டி மிதந்தன. நண்டு வளையிலிருந்து பாதி வெளியே வந்து கிடந்தது. தவளைகள் காலை நீட்டிக் கிடந்தன. கொக்கு எதுவும் இறங்கவில்லை. அப்பா மடையோரம் குந்தி, ஒரு கெண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "திங்கவா கொன்னோம்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை. அதை வரப்பில் குழி பறித்துப் புதைத்தார். மற்றவற்றை என்ன செய்ய முடியும், வயல் முழுக்கக் கிடந்தது.

அதற்கப்புறமும் அடித்தார். இருபது வருஷத்துக்கு மேல் அடித்தார். கடன் இருந்தது, எங்களைப் படிக்கவைக்க வேண்டியிருந்தது, பக்கத்து வயலில் அடித்தால் பூச்சி நம் வயலுக்கு வரும் என்பதும் இருந்தது. ஆனால் மருந்தடித்த நாட்களில் வீட்டில் பேசமாட்டார். வாசலில் குளித்துவிட்டு நேரே திண்ணைக்குப் போய்விடுவார், சோறும் அங்கேதான். வயலில் மீன் இல்லாமலே போனது. நாங்கள் வளர வளர அவர் தூண்டில் போட இன்னும் தூரம், இன்னும் தூரம் என்று முத்துப்பேட்டைக் காயல்வரை போகவேண்டியிருந்தது.

பிறகு ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நெல் திருவிழா தொடங்கினார். இரண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்கினால் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித்தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். அறுபது வயது தாண்டியிருந்த அப்பா சைக்கிளில் போய்க் குடவாழை விதை வாங்கி வந்தார். எங்கள் பக்கத்து உப்பு மண்ணைத் தாங்குகிற நெல். முதலில் இரண்டு மாவில் மட்டும் மருந்தை நிறுத்தினார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முழு நிலத்திலும். விளைச்சல் குறைந்தது. அண்ணனுக்கும் அவருக்கும் அதில் பெரிய சண்டை. சில வருஷங்களில் நண்டு வந்தது, அப்புறம் கெண்டை வந்தது. உதயமார்த்தாண்டபுரம் ஏரியில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரைகள் எங்கள் வயலில் இறங்கத் தொடங்கின. அதை எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் குரல் எப்படி இருந்தது என்பதை எழுத எனக்கு வரவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையெல்லாம் சாய்த்துப்போட்ட பிறகும் அவர் முதலில் போய்ப் பார்த்தது வயல் தண்ணீரைத்தான்.

ஆகவே அந்தக் கணக்கு எழுதப்படுகிறது என்றே வைத்துக்கொள்வோம். தூண்டிலில் வந்த விராலை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, என்ன செய்கிறோம் என்று அறிந்து கொன்றார். குழம்பானது, பிள்ளைகள் தின்றோம். சினை மீனுக்கும் பார்ப்பு மீனுக்கும் உரியதை விட்டுக்கொடுத்தார். அதிபத்தர் கடலில் விட்ட ஒரு மீனும் இதுவும் ஒரே இனம் என்பது என் நம்பிக்கை. இதில் பாவம் இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்தால் அதைத் தாங்குகிற அளவுக்கு நன்றியும் இருந்தது என்று சொல்வேன். மருந்தில் செத்தவை வேறு. அவற்றை யாரும் பார்க்கவில்லை, யாரும் தின்னவில்லை, எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்தில் அப்பா பெயர் மட்டும் இருக்க நியாயமில்லை. அந்த நெல்லைத் தின்ற நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் களத்திலிருந்து பெரியப்பா வீட்டுக்கு ஒரு மூட்டை போனது. புலாலே தொடாத அந்த வீட்டு உலையில் கொதித்ததும் அதே வயல் நெல்தான். இதை அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. சோறு தின்கிற யாரும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை என்பதால் சொல்கிறேன். அதைச் சுமந்தவர், சுமப்பதாக அறிந்தவர் அப்பா ஒருவர்தான். முதுமையில் இறக்கி வைக்க வழி தேடியவரும் அவர்தான்.

காரியத்தன்று வாழைக்காயும் பூசணிக்காயுமாகத்தான் இலை போட்டோம். வீட்டுப் படையலுக்கு என்ன என்று கேட்டபோது அம்மா யோசிக்கவேயில்லை. "அவுருக்கு விராக் கொழம்பு வைய்யி. சினை பாத்து வாங்கச் சொல்லு, சினையா இருந்தா வேணாம்" என்றாள். அப்படியே செய்தோம்.

நிலம் இந்த வருஷம் குத்தகைக்குப் போயிருக்கிறது. எடுத்தவர் உழைப்பாளி, அப்பாவோடு வேலை பார்த்தவர். சம்பா விதைக்குமுன் பேச வந்தார். "அக்கா, மருந்தடிக்காம நான் பாத்துக்குறேன். களைக்கொல்லி மட்டும் அடிச்சுக்குறேங்க்கா. களையெடுக்க ஆளு கெடைக்கல, கெடச்சாலும் கூலி கட்டல" என்றார். அவர் சொன்னது உண்மை. களைக்கொல்லியும் வேண்டாம், குத்தகையில் இரண்டு மூட்டை குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நாலு என்றார். அண்ணனைக் கேட்டுக்கொண்டு மூன்றுக்கு முடித்தோம். பேச்சு இந்த ஒரு சம்பாவுக்குத்தான், தையில் அறுவடை ஆனபின் மறுபடி உட்கார வேண்டும்.